காய்ந்த குழி

பல்கலைக்கழகத்தில் புதிதாக எழும்பிய ஆய்வகத்துக்கு நான்தான் வயரிங். மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியை மறுநாள் அதிகாரி சோதிக்க வருவதாக இருந்தது.

"காலையில ரெண்டு குடம் தண்ணி ஊத்திருங்கம்மா. மண்ணு ஈரமா இருந்தா மீட்டர்ல பாஸாயிரும்," என்றார் கான்ட்ராக்டர்.

"அப்புறம் சித்திரை வெயில்ல மண்ணு காஞ்சா யாரு வந்து ஊத்துவாக?"

"அது நமக்கெதுக்கு?"

எனக்கெதுக்கா? பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள் நான். உடம்பில் சேரும் மின்சாரம் மண்ணில் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொடாமல் வெடிமருந்து அறைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

மறுநாள் குழிப்பக்கம் குடத்தை அண்டவிடவில்லை. அதிகாரி காய்ந்த மண்ணிலேயே அளந்தார்; தேறவில்லை. கான்ட்ராக்டர் என்னை முறைத்தார்.

"இன்னும் ஆழம் வேணும்," என்று கடப்பாரையை அவரிடமே நீட்டினேன்.