பக்கத்துக்குப் பொறுப்பு யார்?

அந்தப் பெரிய மருத்துவமனையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'இன்ஸ்பெக்டர்'. அவள் கான்டீனில் நுழைந்தால் போதும், "இன்ஸ்பெக்டர் வர்றாங்க, எழுத்தை நேரா வைங்கப்பா" என்று ஒரு குரல் கிளம்பும். அவளும் என்னதான் செய்வாள்? ஒரே மருத்துவமனை, இணையதளத்திலோ பிரிவுக்கு ஒரு நிறம். இதயப் பிரிவில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. எலும்புப் பிரிவில், ஓய்வு பெற்றுப்போன டாக்டர் படத்தில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்!

நிறத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். போன மழைக்காலத்தில் டயாலிசிஸுக்கு வந்த பெரியவர் ஒருவர், பூட்டிக்கிடந்த பழைய கட்டடத்தின் வாசலில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். சிறுநீரகப் பிரிவு எப்போதோ இடம் மாறிவிட்டது. இணையப் பக்கத்தில் மட்டும் பழைய முகவரி. சக்கர நாற்காலியில் வைத்து அவரை இவள்தான் தள்ளிக்கொண்டு போனாள். அன்றே முகவரியைத் திருத்தினாள். மற்றதில் எது சரி, எது தப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தந்தப் பிரிவுக்குத்தானே தெரியும்!

நடையாய் நடந்து, கெஞ்சி, ஒரு விதிக்கு நிர்வாகத்தின் கையெழுத்தை வாங்கினாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொறுப்பாளரின் பெயரும் போன் எண்ணும் இருக்க வேண்டும். தப்பிருந்தால் அவர் திருத்த வேண்டும், முடியாவிட்டால் பக்கத்தை எடுத்துவிட வேண்டும்.

கெடுவுக்குள் எல்லாப் பிரிவும் பெயரைப் போட்டுவிட்டது. நிர்வாக அதிகாரி பாராட்டி மெயில்கூட அனுப்பினார். பூரிப்போடு பக்கங்களைத் திறந்தவளுக்குத் தலை சுற்றியது. இதயப் பிரிவுக்குப் பொறுப்பாளர் இவள். எலும்புக்கும் இவள். பல், பிரசவம், பிணவறை வரைக்கும் இவளே! எண்ணும் இவளுடையது.

"மொத்த ஆஸ்பத்திரியையும் உன் பேர்ல எழுதி வெச்சுட்டாங்களே!" என்று கணவன் சிரித்தான்.

"சிரிக்காதீங்க, எனக்கு எரிச்சலா வருது."

தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். சாப்பாட்டில் கை வைத்தால் போன் அடிக்கும். "ஸ்கேனுக்குச் சாப்பிட்டு வரலாமாம்மா?" தெரியாது என்றால், "உங்க பேர்தானே போட்டிருக்கு!" என்று திட்டு. அதிகாரியிடம் முறையிட்டால், "நீங்க கேட்ட விதிதானேம்மா?" என்றார்.

ஒரு சாயங்காலம் ஒரு பெண் அழுதுகொண்டே கூப்பிட்டாள். டயாலிசிஸுக்குத் தம்பியைக் கூட்டி வந்திருக்கிறாள், கதவு பூட்டியிருக்கிறது. இவள் அவசரப் பிரிவைக் கூப்பிட்டு, ஆளை அனுப்பி, அவர்கள் உள்ளே சேரும்வரை போனை வைக்கவில்லை.

மறுநாள் காலை வந்ததும் தன் விதியை ஒருமுறை படித்தாள். பொறுப்பாளர் இவள். திருத்தத் தெரியாது. அப்புறம் என்ன? எல்லாப் பக்கத்தையும் எடுத்துவிட்டு, வரவேற்பறையின் எண்ணை மட்டும் விட்டுவைத்தாள்.

முதலில் பாய்ந்து வந்தவர் சிறுநீரகப் பிரிவின் தலைவர்.

"என்னம்மா அநியாயம் இது! எங்க பக்கத்தைக் காணோம்!"

"உங்க பக்கமா சார்? என் பேர்லதானே இருந்துச்சு!"

அவர் குரல் இறங்கியது. "சரி, என் பேரைப் போட்டுக்குங்க. நம்பர் மட்டும் வேண்டாம். நேரங்காலம் இல்லாம கூப்பிடுவாங்க."

"கூப்பிடுவாங்கதான். நேத்து ஒரு அம்மா தம்பியோட உங்க வாசல்ல நின்னு அழுதாங்க. சாயங்காலமும் டயாலிசிஸ் உண்டுன்னு உங்க பக்கத்துல போட்டிருந்துச்சு. உண்டா சார்?"

"அது... அதை நிறுத்தி ரொம்ப நாளாச்சேம்மா."

"அப்படியா? எனக்கே இப்பத்தான் சார் தெரியும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழுதிக்குங்க" என்று தன் எண்ணைச் சொன்னார்.