ஆமைக்குப் புளி தேய்த்தேன்

நான் கல்தொட்டியில் வளர்க்கும் ஆமை மூன்று நாளாக மண்புழுவையும் தொடவில்லை, கீரையையும் தொடவில்லை. ஓடு வெளுத்து உரிந்தது. செத்துவிடுமோ என்று பயந்து, கூடையில் வைத்து பஸ் ஏறி, செங்கத்தில் மாட்டு டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

"ஓட்டுக்கு இன்னாம்மா பண்ணீங்க?"

கூச்சத்தில் முதலில் ஒன்றுமில்லை என்றேன். அது கண் திறக்காமல் கிடப்பதைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"வெள்ளிக்கெழமையானா புளி போட்டுத் தேய்ப்பேங்க. பளபளன்னு இருக்கட்டும்னு."

"இது இன்னா பித்தளை சொம்பா? ஓட்டுலயும் உசுரு இருக்குதும்மா. எரியும்."

மாடு ஓட்டி வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மருந்து தடவி, வெயில் காட்டி, வெறும் தண்ணீரில் விட்டேன். பத்தாம் நாள் என் விரலிலிருந்து கீரையை இழுத்துத் தின்றது.

முன்பெல்லாம் நான் புளியோடு போனாலே தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கும் என்னைப் போலக் கூச்சம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.