எமெரித்தா அத்தையிடம் அடகு வைத்த முடி

நெய்லா ரெந்தெரியாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. என் முற்றத்தில் தலை பின்னிக்கொள்ளும்போதுகூடப் பாதியில் எழுந்துபோய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருவாள். எங்கள் ஊரிலிருந்து தலைநகர் பொகோட்டாவுக்குப் போய்ச் சுற்றுச்சூழல் அறிவியலில் மேற்படிப்பு படித்தவள் அவள்தான். வகுப்பில் அவள் ஒருத்திதான் கறுப்பி. முதல் நாள் ஆய்வகத்தில் யாரோ அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்களாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

அந்தப் படிப்பின் ஆய்வுக்காக ஒரு வருடம் ஊர்ப் பெண்கள் எங்களிடம் முடி கேட்டு வந்தாள். மேலாற்றில் தங்கம் அரிப்பவர்கள் தண்ணீரில் விடும் பாதரசம் மீனுக்குள் போய், மீன் தின்கிற நமக்குள் வந்து, முடியில் தங்குகிறதாம். பிடரியில் ஒரு கொத்து வெட்டிக் கொடுத்தால் எவ்வளவு என்று சொல்லிவிடலாமாம்.

ஒருத்தியும் கொடுக்கவில்லை. பின்னும்போது உதிர்வதைக்கூட எரித்துவிடுகிறவர்கள் நாங்கள். முடி பிறர் கையில் சிக்கினால் செய்வினை வைத்துவிடுவார்கள்.

"எம் முடிய வெள்ளக்காரன் கையில கொடுக்கவா? போடி!" என்றாள் மீன் விற்கும் எமெரித்தா அத்தை.

பொகோட்டாவிலிருந்து அவள் பேராசிரியர் தொலைபேசியில், "பெண்களை விட்டுடும்மா. முடிவெட்டுற கடையில ஆம்பளைங்க முடி கிடைக்குமே" என்றார்.

"பிள்ளைக்குப் பால் கொடுக்கறது ஆம்பளைங்களா சார்?" என்று நெய்லா போனை வைத்துவிட்டாள். பிறகு படகுத்துறைக்கும் என் வீட்டுக்குமாக நடையோ நடை. எனக்கே தலை சுற்றியது.

ஞாயிறன்று என் முற்றத்தில் பெண்கள் கூடியிருந்தபோது என் கத்தரிக்கோலை எடுத்து என்னிடமே நீட்டினாள்.

"பெர்சிதெஸ் அக்கா, வெட்டு."

அவள் பிடரியில் ஒரு கொத்து வெட்டினேன். அந்தக் கொத்தை எமெரித்தா அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை. உங்க முடிய வச்சு நான் ஏதாச்சும் பண்ணா, இத வச்சு என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க."

அத்தை அதைச் சுருட்டி ரவிக்கைக்குள் செருகினாள்.

"வசமா மாட்டிக்கிட்டடி!" என்று சொல்லிவிட்டு, முடி வெட்டத் தலையைக் குனிந்து கொடுத்தாள். மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள்.

மழை பிடித்தபின் நெய்லா முடிவுகளோடு திரும்பினாள். கூட்டம் போட்டுச் சொல்லாமல் வீடு வீடாகப் போனாள். என் வாசலுக்கு வந்தவள் உள்ளே வராமல் தயங்கினாள். என் மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத்தான் அக்கா ரொம்ப அதிகம்."

"மீன விட்டுட்டு நான் மண்ணத் திங்கவா?"

வாசலில் இரண்டு நடை நடந்துவிட்டு, "பெரிய கெளுத்திய மட்டும் விடு. அது மத்த மீனத் தின்னு வளருது. சேறு மேயுற பொகாச்சிக்கோ மீன் பரவால்ல" என்றாள்.

கெளுத்தியை விட்டேன். எமெரித்தா அத்தைதான் வியாபாரம் கெட்டதென்று ஒரு மாதம் நெய்லாவோடு பேசவில்லை. மறு வருடம் மறுபடி முடி வெட்டிப் பார்த்ததில் என் பாதரச அளவு இறங்கியிருந்தது, அவள் நினைத்த அளவுக்கு இல்லை. பட்டம் வாங்கிவிட்டாள், நகரத்தில் வேலைக்கும் கூப்பிட்டார்கள். போகவில்லை. இப்போது மேலாற்று ஊர்களில் முடி கேட்டுத் திரிகிறாள். தங்கம் அரிக்கும் இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன.