லா சப்பலில் ஒளிந்திருக்க முடியாது

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பாரிசின் பெர்சி பேருந்து நிலையத்தில் இறங்கினோம். ஜெர்மனியின் கொலோனிலிருந்து ஆளுக்கு இருபத்தொன்பது யூரோ. இரவெல்லாம் உட்கார்ந்தபடியே தூங்கியதில் என் கழுத்து ஒரு பக்கம் திரும்ப மறுத்தது. ஆனாலும் உற்சாகத்துக்குக் குறைவில்லை. இரண்டு நாள், தலைக்கு நூற்றைம்பது யூரோ, அதற்குள் பாரிஸ். திட்டம் முழுக்க என்னுடையது. திருச்சிக்காரி திட்டம் போட்டால் அதில் ஓட்டை இருக்காது என்று பேருந்திலேயே மூன்று முறை சொல்லியிருந்தேன்.

கூட வந்தவள் வாணி. கொலோனில் ஒரே ஆய்வகத்தில் வேலை செய்கிறோம். யாழ்ப்பாணத்துப் பெண். ஒன்பது வயதில் பாரிசுக்கு வந்து, மூன்று வருடம் இங்கே வளர்ந்து, பிறகு ஜெர்மனிக்குப் போனவள். பிரெஞ்சு சரளமாகப் பேசுவாள். இலவசமாக ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்த மகிழ்ச்சியில், பாரிஸ் என்றதும் அவள் முகம் ஏன் மாறியது என்று நான் கேட்கவே இல்லை.

மெட்ரோவுக்கு ஆளுக்கு இரண்டரை யூரோ. நாசியோனில் இறங்கி இரண்டாம் எண் வண்டிக்கு மாறினால் லா சப்பல், பாரிஸ் தமிழர்களின் கடைத்தெரு. அங்கேதான் அறை. ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் பல் விளக்குவது தெரியும். இருவருக்கும் சேர்த்து எழுபத்து நான்கு யூரோ. பாரிசில் இதைவிட மலிவாக ஓர் அறையைக் காட்டுங்கள் பார்க்கலாம்!

காலை பத்து மணிக்குத் தெருவில் இறங்கியபோதுதான் கவனித்தேன். வாணி தலையில் தொப்பி. மேகம் மூடிய வானத்தின் கீழே பெரிய கறுப்புக் கண்ணாடி.

"என்னடி, சினிமா நடிகை மாதிரி?"

"சும்மா இரு கவிதா. வெயில்."

வெயில் எங்கே என்று தேடிக்கொண்டே நடந்தேன். முருங்கைக்காய்க் கட்டு, மல்லிகைச் சரம், தங்கநகைக் கடை, புடவைக் கடை, மாவு வாசனை. தேநீர் ஒன்றரை யூரோ, மீன் ரோல் ஒன்றரை யூரோ. திருச்சி கடைத்தெருவை யாரோ துடைத்து, மேலே ரயில் பாலம் கட்டிவிட்டதுபோல் இருந்தது. தண்ணீரும் பிஸ்கட்டும் வாங்க ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்தோம். கல்லாவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. வாணியையே பார்த்தார்.

"பிள்ளை, நீர் எபினே மலர் அக்காவின்ர பெறாமகள் எல்லே?"

"இல்லை அன்ரி. உங்களுக்கு ஆள் மாறிப்போச்சு."

"அப்பிடியே..." என்றார் அக்கா. மீதிச் சில்லறையைத் தரும்போதும் அவர் கண் வாணியின் முகத்தை விட்டு நகரவில்லை.

வெளியே வந்ததும் வாணி திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள். தெருமுனையில் நிறுத்தி விஷயத்தைக் கறந்தேன். மலர், அவளுடைய அம்மாவின் அக்கா; பாரிசின் புறநகரான எபினேயில் இருக்கிறார். சகோதரியின் மகளை யாழ்ப்பாணத்தார் பெறாமகள் என்பார்கள். பெற்றோருக்கு ஜெர்மனியில் விசா கிடைக்கும்வரை வாணியை வளர்த்தது இந்தப் பெரியம்மாதான். இரண்டு வருடங்களுக்கு முன் அவர் ஒரு கல்யாணப் பேச்சைக் கொண்டுவந்தார். வாணிக்கு விருப்பமில்லை. தொலைபேசியில் வாக்குவாதம் முற்றி, "நீங்கள் ஒண்டும் என்ர அம்மா இல்லை" என்று சொல்லிவிட்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

"இப்ப கடையில இல்லைன்னு சொன்னியே, அது அவங்க காதுக்குப் போகாதா?"

"இண்டைக்கே போகும்" என்றாள் வாணி. "இஞ்சை எல்லாற்றை சாமானும் அந்தக் கடையிலதான்."

திரும்பிப் போய் உண்மையைச் சொல்லலாம் என்றேன். அவள் மாட்டேன் என்றாள். அங்கிருந்து சக்ரே கேர் தேவாலயத்துக்கு நடந்தே போனோம், அரை மணி நேரம். படிக்கட்டில் உட்கார்ந்தால் பாரிஸ் முழுவதும் காலடியில் கிடக்கும், அதற்குக் கட்டணமும் இல்லை. மாலையில் ஈபெல் கோபுரம். மேலே ஏறவில்லை, கீழே புல்வெளியில் அமர்ந்து பிஸ்கட் தின்றோம். நான் நூறு படங்கள் எடுத்தேன். ஒன்றில்கூட வாணி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு அறையைக் காலி செய்தோம். பன்னிரண்டு மணிக்கு செய்ன் நதியில் படகுச் சவாரி. ஆளுக்குப் பதினேழு யூரோ, முன்பதிவு செய்தது. இந்தப் பயணத்தின் ஒரே ஆடம்பரம். மெட்ரோவுக்குப் போக அந்த மளிகைக் கடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்ட விடவில்லை அக்கா.

"பிள்ளை, இஞ்சை வாரும். உமக்கு ஒரு சாமான் இருக்கு."

கனத்த துணிப்பை ஒன்றை நீட்டினார். உள்ளே சாப்பாட்டுப் பெட்டிகள், இன்னும் இளஞ்சூடு.

"ஆர் தந்தது?"

"மலர் அக்கா. காலமை கடை திறக்க முதலே வந்து நிண்டவ. 'நேற்று வந்த பிள்ளை என்ர பெறாமகள் இல்லையாம். ஆர் பெத்த பிள்ளையோ, கடைச் சாப்பாட்டோட திரியுது. இதைக் குடுத்துவிடுங்கோ' எண்டு சொல்லிப்போட்டுப் போனவ."

வாணி கண்ணாடியைக் கழற்றினாள். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று குழந்தைபோல அழுதாள். படகாவது, நதியாவது.

"எபினேக்கு எப்படிப் போகணும்?" என்று அக்காவிடம் நானே கேட்டேன்.

கார் து நோர் நிலையம் நடக்கும் தூரம். எச் ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அதற்கும் இரண்டரை யூரோதான். பையை மடியில் வைத்துக்கொண்டு வாணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அறை லா சப்பல்லன்னு நான் சொன்னப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"தற்செயலாக் கண்டால் நல்லம் எண்டு நினைச்சன். நானாப் போய்க் கதவைத் தட்ட எனக்கு முகம் இல்லை. ஆனா அவ கேட்ட உடனை பயந்திட்டன்."

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவர் குள்ளமான, நிமிர்ந்த பெண்மணி. வாணியைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார்.

"திறக்கேல்லையோ?"

"இல்லை பெரியம்மா."

"கொண்டா. ஆறிப்போயிருக்கும். சூடாக்கித் தாறன்."

இடியப்பம், சொதி, மீன் குழம்பு. நான் மட்டும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். வாணி தட்டைப் பார்த்தபடியே, "அண்டைக்கு நான் சொன்னது பிழை" என்றாள்.

"ஓம், பிழைதான்" என்றார் பெரியம்மா. "அந்தக் கலியாணப் பேச்சுக்காலை வேண்டாம் எண்டது பிழையில்லை. அது உன்ர விருப்பம். மற்றதுதான் பிழை. அதைவிடப் பெரிசு நேற்றுச் சொன்னது. நான் இருபத்தாறு வருசமா அந்தத் தெருவில சாமான் வாங்கிறன் வாணி. நேற்று எத்தினை பேர் எனக்குப் போன் எடுத்தவை தெரியுமோ?"

பெரியம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது நல்ல பட்டுப் புடவையில் இருந்தார்.

"வெளிக்கிடுங்கோ. லா சப்பலில கறிவேப்பிலை வாங்கவேணும்."

அவருடைய சமையலறையில் கறிவேப்பிலை இரண்டு கட்டு இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

மதியம் மூன்று மணி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பெரியம்மா வாணியின் மணிக்கட்டைப் பிடித்தபடி தெருவின் நட்டநடுவே நடந்தார். புடவைக் கடை, நகைக் கடை, தேநீர்க் கடை என்று ஒன்று விடாமல் தலையசைத்துக்கொண்டே வந்து மளிகைக் கடையில் நின்றார். உள்ளே ஏழெட்டுப் பேர்.

"இவள்தான் வாணி. என்ர பெறாமகள்" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "நேற்று உங்களுக்குப் பகிடி விட்டிருக்கிறாள். சின்னனிலயிருந்தே இப்பிடித்தான்."

கடைக்கார அக்கா சிரித்தார். அத்தோடு முடிந்திருக்கலாம், மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனால் வாணி விடவில்லை.

"பகிடி இல்லை அன்ரி. நான் பொய் சொன்னனான். இவ என்ர பெரியம்மா. என்னை வளத்தவ."

பெரியம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கறிவேப்பிலைக் கட்டுகளைப் புரட்டினார். ஒரு கட்டைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஐந்தரைக்குப் பேருந்து. நான்கு மணிக்கு லா சப்பல் மெட்ரோ வாசலில் விடைபெற்றோம். கொலோனில் ஐந்து வருடமாக இருக்கிறேன். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதுதான் சுதந்திரம் என்று ஊருக்குப் பேசும்போதெல்லாம் பீற்றிக்கொள்வேன். அன்று அந்த வாசலில் நின்றபோது வாணிமீது எனக்குப் பொறாமையாக இருந்தது. படகு போனதில் துளி வருத்தமில்லை.

வாணி தடுப்பைத் தாண்டி உள்ளே போய்த் திரும்பினாள். பெரியம்மா அந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தார்.

"போய்ச் சேர்ந்த உடனை போன் எடு. எடுக்காட்டி நான் கொலோனுக்கு வந்து நிப்பன்."

"அப்ப நான் எடுக்கமாட்டன்" என்றாள் வாணி. "வாங்கோ."

பெரியம்மா சிரித்தார். தெருவே பார்க்க, பட்டுப் புடவையின் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.