துட்டி கேட்க வராதவர்கள்

அப்பாவின் காரியங்கள் முடிந்து திருப்பூருக்குத் திரும்பியதும் நான் முதலில் செய்த வேலை, அம்மா வேலை பார்த்த பனியன் கம்பெனிக்குப் போய், அம்மாவிடம் யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்ததுதான்.

அப்பாவைக் கோவில்பட்டிப் பக்கம் அவர் பிறந்த ஊருக்கே கொண்டுபோயிருந்தோம். பதினாறு நாள் அங்கே இருந்தோம். வந்தவர்கள் எல்லாம் துட்டி கேட்டார்கள். இழவு விசாரிப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. ஒவ்வொரு பெண்ணும் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுது, மூக்கைச் சிந்தி, பிறகு அதே கேள்வியைக் கேட்பாள். "அவுகளுக்கு என்ன செஞ்சுச்சு?" அம்மா முதலிலிருந்து ஆரம்பிப்பாள். காலையில் எழுந்தார், பல் விளக்கினார், இட்லி இரண்டு போதும் என்றார், நெஞ்சு எரிகிறது என்றார். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் அடுத்த கூட்டத்தைப் பார்த்தாலே எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும்.

ஓடத் தோன்றியதற்கு வேறு காரணமும் இருந்தது. அப்பா இறந்த அன்று காலை நான் வீட்டில்தான் இருந்தேன். கல்லூரியில் இரண்டாம் வருடம். அன்று பேச்சுப் போட்டி. நெஞ்சைத் தடவிக்கொண்டே அப்பா என்னிடம்தான் கேட்டார், டாக்டரிடம் ஒரு எட்டுப் போய்விட்டு வரலாமா என்று. "சாயங்காலம் போலாம்ப்பா, பஸ் போயிரும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதனால் ஊரில் அம்மா நெஞ்செரிச்சலுக்கு வந்து சேரும் முன்பே ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

அந்த வயதில் எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு வழி தெரியும். மனதை எப்படி மாற்றிக்கொள்வது என்று இரண்டு மூன்று புத்தகங்கள் படித்திருந்தேன். ஆறுகிற புண்ணைக் கிளறாதே, நாளையைப் பார் என்று அவற்றில் போட்டிருந்தது. எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது.

அம்மா செக்கிங் பிரிவில் இருந்தாள். நீள மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்றுகொண்டு பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டை, எண்ணெய்க் கறை பார்ப்பார்கள். அம்மாவுக்கு எதிரில் பதினோரு வருடமாக நின்றவர் குண்டடத்திலிருந்து வந்த ஓர் அக்கா. நான் சொன்னதைக் கேட்டதும் அவர் கையிலிருந்த பனியன் பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏங் கண்ணு, ஒரு வார்த்தை கேக்காம எப்புடி? அப்பறம் உங்கம்மா மொகத்துல நாங்க எப்புடி முழிக்கறது?"

"டாக்டர் சொல்லியிருக்காருக்கா. அந்தப் பேச்சை எடுத்தா அம்மாவுக்குப் பிரஷர் ஏறிருமாம்."

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொன்னேன்.

"டாக்டரே சொல்லிப்போட்டாருன்னா அப்பறமென்ன அம்மிணி. செரி." மேசையே தலையாட்டியது. படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சரக்கு ஏற்ற வேண்டிய ஷிப்மென்ட் தேதியைக் காப்பாற்றுவதுபோல அந்த வார்த்தையைக் காப்பாற்றினார்கள். அம்மா வந்து நின்றால் பேச்சு சட்டென்று நிற்கும். தன் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தை முழுங்குவாள். கறை இருந்த பீஸ்களை அம்மா பார்க்காமல் தள்ளிவிட்டபோது, ஊரையே கத்தி எழுப்பும் சூப்பர்வைசர், "பரவால்லீங்கக்கா" என்று தானே பொறுக்கி எடுத்து வைத்தாராம். அம்மா இதையெல்லாம் சொன்னபோது, நான் போட்ட திட்டம் வேலை செய்கிறது என்றுதான் நினைத்தேன்.

அம்மாவோ இளைத்துக்கொண்டே போனாள். வேலை முடிந்து வந்தால் சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து கழற்றாமலே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். நானே பையைக் கழற்றுவேன். மதியத்துச் சோறு பாதிக்குமேல் அப்படியே இருக்கும். இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல், "வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிருதேன். நீ ஹாஸ்டல்ல இருந்து படிச்சிக்க" என்றாள்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"சொன்னாத் தேவலையே. பதினோரு வருசம் ஒரே டேபிள்ல நின்னிருக்கோம். அவுகளுக்கு என்ன செஞ்சுச்சுன்னு ஒருத்தி கேக்கல. நான் போனாப் பேச்ச நிப்பாட்டுதாளுக. தாலியறுத்தவ பக்கத்துல நின்னா ஆகாதுன்னு நெனைக்காளுக போல. என்ன இருந்தாலும் நாம வேத்தூருதான."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் கல்லூரிக்குப் போவதும் வருவதுமாக இழுத்தேன். சொன்னால் கேள்விகள் மறுபடியும் ஆரம்பிக்கும். அந்தக் காலை மறுபடியும் வரும். அதுவும் இங்கே, என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தவர்கள் முன்னால். இன்னொரு பக்கம், எனக்காக ஒரு நாளும் ஓயாமல் உழைத்தவள், தோழிகளை வெறுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகப்போகிறாள்.

மூன்றாம் நாள், அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். டாக்டர் பொய்யையும் சேர்த்துத்தான்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை. "ஏட்டி, அந்த மனுசன் செத்தத யார்ட்டயும் சொல்லவிடாமப் பண்ணிட்டியே" என்றாள். நான்கைந்து காய் நறுக்கிய பிறகு, "காலைல போயி நீயே சொல்லிரு. எனக்குக் கூச்சமா இருக்கு."

மறுநாள் மேசை முன்னால் நின்று ஒப்புக்கொண்டேன். குண்டடத்து அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த டாக்டரு அம்மிணி அது? பேரச் சொல்லு. எங்கூட்டுக்காரரைக் கூட்டிப்போயிக் காட்டோணும். வாயே தொறக்கக் கூடாதுன்னு அவருக்கும் எழுதிக் குடுக்கட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிவதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது. "உங்கம்மா எதுத்தாப்புல நிக்கறப்ப எங்களுக்குச் சோறு எறங்குல கண்ணு. நீ படிச்ச புள்ளைன்னு வாய மூடிட்டுக் கெடந்தோம். ஞாயித்துக்கெழம வர்றோம், போ."

திருப்பூர் வீரபாண்டியில் எங்களுடையது வரிசை வீடுகளில் ஒன்று, ஒற்றை அறை லைன் வீடு. ஏழு பேர் வந்து உட்கார்ந்ததும் அறை நிறைந்துவிட்டது. அக்கா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அம்மா அழுதாள், ஊரில் அழுததைவிட மெதுவாக, வெகுநேரம். பிறகு அக்கா கேட்டார்.

"அண்ணனுக்கு என்னுங்கக்கா ஆச்சு?"

அம்மா ஆரம்பித்தாள். எழுந்து போக இங்கே கொல்லை இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் தடவையாக அந்த இடத்தில் நான் இருந்தேன்.

"இட்லி ரெண்டு போதும்னாக. நெஞ்சு எரியுதுன்னாக. பெறகு பாயை விரிச்சுச் சாஞ்சாக..."

நெஞ்செரிச்சலுக்கும் பாய்க்கும் நடுவில் நான் இல்லை. அம்மா என்னைத் தாண்டிப் போய்விட்டாள். ஊரிலும் இப்படித்தான் தாண்டியிருப்பாள், அத்தனை பேரிடமும். எந்த இடம் வருமென்று பயந்து கொல்லைக்கு ஓடினேனோ அந்த இடத்தை அவள் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"அப்பா எங்கிட்டக் கேட்டாருக்கா" என்றேன். "டாக்டர்ட்டப் போலாமான்னு. சாயங்காலம் பாக்கலாம்னுட்டு நான் போயிட்டேன்."

"அவளுக்கு அன்னிக்குப் போட்டி. பஸ்ஸு போயிரும்னு..." அம்மா அவசரமாக நடுவில் வந்தாள்.

"நீங்க இருங்கக்கா" என்று அம்மாவை நிறுத்தினார் அக்கா. உன் தப்பில்லை என்று அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டார். "இப்புடி வந்து உக்காரு அம்மிணி. உங்கப்பாரு எப்புடிக் கேட்டாரு? நின்னுட்டா, உக்காந்துட்டா?"

அதை நான் யோசித்ததே இல்லை. "சேர்ல உக்காந்து..." என்று ஆரம்பித்தேன். சேர் இல்லை, ஸ்டூல் என்று அம்மா திருத்தினாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஒழுங்காக வரவில்லை. பாதியில் நான் நிறுத்தியபோதெல்லாம் யாராவது ஒருத்தி "ம்" என்றாள்.

கிளம்பும்போது அக்கா செருப்பைத் தேடிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார், "நாளைக்கு நேரத்துலயே வந்துருங்கக்கா. பீஸு மலையாட்டக் கெடக்குது."

"வந்துருதேன்" என்றாள் அம்மா.