விரல் திரும்பி வந்த இடம்

ரப்பர் கையுறையை இழுத்து மாட்டும் சத்தம் கேட்டால் இன்றும் அந்த அறையின் குளிர் என் முதுகில் ஏறும்.

திருகோணமலைத் துறைமுகத்தில் மரப்படகுகளைப் பழுதுபார்ப்பவன் நான். இற்றுப்போன பலகையைப் பெயின்ட் மூடியிருக்கும். விரலால் அழுத்திக்கொண்டே போவேன். சந்தேகம் வந்தால் விரல் அதே இடத்துக்குத் திரும்பும். படகுக்காரர் மூச்சை அடக்கிக்கொள்வார்.

சிறுநீர் தடைப்பட்டதால் டொக்டரிடம் போயிருந்தேன். அவர் கையுறையை எடுத்தார்.

"ரத்தப் பரிசோதனை நல்லாத்தானே வந்தது? இது வேண்டாமே" என்றேன்.

"ரத்தம் சிலநேரம் ஒளிச்சுப்போடும் ஐயா. புரொஸ்டேட் சுரப்பியை ஆசனவாயால விரல் விட்டுத் தொட்டும் பாக்கோணும். படகு தடவுற உங்களுக்கே வெக்கமோ?"

சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தேன். வெளியே கப்பலொன்று ஊதி அடங்கியது. உள்ளே விரல் நகர்ந்தது, கடந்தது, பிறகு மெல்லத் திரும்பி ஓரிடத்தில் நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"ஒரு இடம் கல்லு மாதிரி இருக்கு. புற்றுநோயோ எண்டு சதைத்துண்டு எடுத்துப் பாத்தால்தான் தெரியும்."

இப்போதெல்லாம் பலகையில் விரல் வைத்தால், அடியில் நானே படுத்திருப்பதுபோல் இருக்கிறது.

அன்று கதவடியில் திரும்பிக் கேட்டேன்: "ஏன் டொக்டர், ரெண்டாந்தரமும் அந்த இடத்துக்கு வந்தனீங்கள்?"

"முதல்தரம் என்ர விரலை நானே நம்பேல்ல, ஐயா. திங்கக்கிழமை கட்டாயம் வாங்கோ."