முன்கட்டில் முளைத்த புற்று

என் ஓரகத்தியின் வீட்டுப் பூஜை அறையில் புற்று முளைத்த செய்தி எனக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் தெரிந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். தென்காசியில் மாமனார் கட்டிய நீளமான வீட்டை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டபோது, தெருவைப் பார்த்த முன்கட்டு மூத்தவரான அத்தானுக்குப் போனது. கிணறும் சாக்கடையும் உள்ள பின்கட்டு எங்களுக்கு. என் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் பக்கத்து முடுக்குச் சந்தில் நுழைந்து, அவர்கள் ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

அவர்கள் மகன் வீட்டுக்கு பெங்களூர் போய் ரொம்ப நாள் இருந்துவிட்டு, குற்றாலத்தில் சாரல் தொடங்கிய பிறகுதான் திரும்பினார்கள். பூட்டிக் கிடந்த பூஜை அறையைத் திறந்தால், மூலையில் முழங்கால் உயரத்துக்குப் புற்று. எனக்கு ஒரு குரல் கொடுக்கவில்லை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றிப் படம் எடுத்துப் போட்டுவிட்டாள். கீழே, ‘எங்க வீட்டுக்கு அம்மா வந்துட்டா.’

எனக்கு முதலில் வந்தது பக்தி இல்லை, எரிச்சல். கேஸ் இணைப்பிலிருந்து வெளிநாட்டு மாப்பிள்ளை வரை எல்லாம் அவளுக்குத்தான் முதலில். இப்போது அம்மனுமா? விளக்கேற்றும்போது கேட்டே விட்டேன்: உனக்கும் தெருவாசல்தான் கண்ணில் படுமா தாயே, முடுக்கு வழி தெரியாதா?

அப்பா செங்கோட்டையில் மரக்கடை வைத்திருந்தார். தடிகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். உளுப் பூச்சி விழுந்த மரம் மாவு கொட்டும். கரையான் மாவு கொட்டாது. தின்ற இடத்தை மண்ணால் அடைத்துக்கொண்டு, வெளியே பெயின்ட் மட்டும் மிச்சம் வைக்கும். பார்த்தால் மரம் புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதெல்லாம் எனக்குச் சோறு தின்னத் தெரிவதைப் போலத் தெரியும்.

மறுநாள் பால் சொம்போடு போனேன்.

“ஏட்டி, நல்ல நேரத்துல வந்த. கையக் கழுவிட்டு உள்ள வா,” என்றாள் ஓரகத்தி. பட்டுப்புடவையில் இருந்தாள், காலை பத்து மணிக்கு. தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கும்பிட்டேன். கும்பிட்டபடியே கண்ணை ஓட்டினேன். புற்றின் பின்னாலிருந்து விரல் பருமனில் மண் கோடு ஒன்று சுவரேறி, வாசல் நிலைக்குப் பின்னால் போய் மறைந்தது. நிலையில் அடித்த பெயின்ட் அங்கங்கே அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. ஜன்னல் திண்டில் ஈசல் இறகுகள் ஒதுங்கிக் கிடந்தன. அதையும் அம்மனின் அடையாளம் என்று ஒருத்தி காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வரும்போது நிலையை விரல் முட்டியால் தட்டினேன். தேக்கு டொக்கென்று கேட்க வேண்டும். இது பொத்தென்றது. அந்த நிலைக்கு மேலேதான் பரண். பரண் நிறைய மாமியார் காலத்துப் பித்தளைப் பாத்திரங்கள். கீழே இத்தனை தலைகள்.

“அக்கா, இது கரையான். நெலையப் பூராத் தின்னுட்டு. பரண் எறங்கிரும். இவங்கள அங்கன உக்கார வைக்காத.”

எதிர்வீட்டுக்காரி மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னாள்: “அம்மன் வந்த வீட்டப் பாத்துக் கரையாங்கா. வயித்தெரிச்சல்ல பேசுதா.”

நான் சொன்னது உண்மை. அவள் சொன்னதும் உண்மைதான். அவள் சொன்ன உண்மைதான் எடுபட்டது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “ஒனக்கு எதுக்குட்டி அந்த வம்பு? அண்ணன் கோவிச்சுக்கிடுவான்,” என்றார். அண்ணன் கோபித்துக்கொள்வார் என்பதற்காகவே பின்கட்டை வாங்கிக்கொண்ட மனிதர் அவர். வேறென்ன சொல்வார்?

ஆடி பிறந்தது. செவ்வாயும் வெள்ளியும் தெரு நிறைய செருப்பு. பால் ஊற்ற ஊற்ற அந்த மூலை காயவே இல்லை. ஈரமும் மரமும் கிடைத்தால் கரையானுக்கு வேறென்ன வேண்டும்? புற்று வளர்ந்தது, அம்மன் வளர்கிறாள் என்று குலவை போட்டார்கள். ஐந்தருவிக்குக் குளிக்க வந்தவர்களை ஆட்டோக்காரர்கள் போகிற வழியில் இங்கே இறக்கிக் காட்டினார்கள். வழி தவறியவர்கள் முடுக்கு வழியாக வந்து என் கதவைத் தட்டுவார்கள்.

“அம்மன் வீடு இதாம்மா?”

“இது இல்ல. முன்னால போங்க.”

முப்பது வருடமாக இந்த வீட்டில் குப்பை கொட்டுகிறேன். இப்போது என் விலாசமே அம்மன் வீட்டுக்குப் பின்னால் என்று ஆகிவிட்டது. கூரியர்க்காரன் அப்படித்தான் சொல்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை, வெட்கத்தை விட்டு, என் பூஜை அலமாரியின் மூலையைப் பெருக்கும்போது குனிந்து பார்த்தேன், ஒரு பிடி மண்ணாவது இருக்கிறதா என்று. எலிப் புழுக்கைதான் இருந்தது. கரையானை நாலு தெருவுக்கு அப்பால் கண்டுபிடிக்கிறவள் நான்; அன்று நான் தேடியது கரையானை இல்லை.

ஆடிக் கடைசி வெள்ளி. பூஜை முடிந்து, பெண்கள் பொங்கல் வாங்கத் தெருவாசலுக்குப் போயிருந்த நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் தடதடவென்று பித்தளை உருளும் சத்தம். முடுக்கு வழியாக ஓடினேன். ஓடும்போது என் மனதில் இருந்தது, ஐயோ யாருக்காவது அடிபட்டதா என்பது பாதி. நான் அப்பவே சொன்னேன் என்பது பாதி. எது முதலில் வந்தது என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிலை நடுவில் மடங்கி, பரண் சரிந்து, பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் அண்டாவும் குத்துவிளக்கும் குவிந்து கிடந்தன. முறிந்த மரத்துக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாகக் கரையான் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எதிர்வீட்டுக்காரி பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றாள். நான் அவளை நன்றாகப் பார்த்தேன்.

புற்றை அப்படியே இடிக்க முடியுமா? உத்தரவு கேட்டுப் பூஜை செய்து, ஒரு பிடி மண்ணை எடுத்து ஊருக்கு வெளியே உள்ள அம்மன் கோயில் புற்றில் சேர்த்தார்கள். ஓரகத்தி தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குக்கூடப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் அவள் பட்டுப்புடவை முந்தானையால் கண்ணைத் துடைக்கும் வரை நீடித்தது.

அடுத்த நாள் கரையானுக்கு மருந்து அடிக்கிறவர் துளை போடும் மெஷினோடு வந்தார். முன்கட்டில் மூலையைத் தோண்டிப் பார்த்தவர், நடுச்சுவரின் அடிப்பக்கம் விரலால் காட்டினார். கரையான் அங்கிருந்துதான் வருகிறது என்றார். பின்கட்டைத் திறந்து காட்ட வேண்டும்.

என் படுக்கையறையில் நடுச்சுவரை ஒட்டி, கல்யாணத்துக்கு அப்பா செய்து கொடுத்த பலாமர அலமாரி நிற்கிறது. சாரல் காலம் முழுக்க அதன் கதவு இறுகித்தான் இருந்தது. சாரலில் எந்த வீட்டுக் கதவுதான் இறுகாது? ஓங்கி இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். நாலு பேர் சேர்ந்து அதை நகர்த்தியபோது கனமே இல்லை. முன்பக்கம் நகர்ந்து வந்தது, பின்பக்கம் சுவரோடு நின்றுவிட்டது. தரையிலிருந்து என் தலைக்கு மேல் வரை மண். அடித்தட்டில் இருந்த கூரைப்புடவையை எடுத்தேன். சரிகை மட்டும் கையோடு வந்தது.

கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் நிழல் விழுந்தது. என் ஓரகத்தி. அவள் என் படுக்கையறைப் பக்கம் வந்து எத்தனையோ வருடங்கள் இருக்கும். புடவையைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்க்கவில்லை. சுவரில் நின்ற மண்ணைக் கீழிருந்து மேலே வரை பார்த்தாள். அவள் முகம் போன போக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, என் வீட்டுக் கண்ணாடியைத் தவிர.

“எங்க வீட்ல இருந்துதான் இங்கன வந்திருக்கும்,” என்றாள் மருந்துக்காரரிடம். “நல்லாப் பாருங்க.”

“இல்லம்மா. இங்கதான் ரொம்ப நாளா இருந்திருக்கு. இங்க இருந்துதான் ஒங்க வீட்டுக்கு வந்திருக்கு.”

சரிகை என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அழத்தான் நினைத்தேன்.

“அண்ணாச்சி,” என்றேன், “அத இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுங்க.”